உறையாத குருதி

(தாம்பரத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஊரும் உறவும் கூடியிருக்க, ஒரு குழந்தையின் உடம்பில் இரத்தம் துளிர்ப்பதை நாம் மங்களமாகக் கொண்டாடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது முடியிறக்கிக் காது குத்தும் நாள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து, பத்தர் தங்கக் கம்பியால் காதைத் துளைக்க, வீறிட்டு அழும் பிள்ளையின் வாயில் யாரோ சர்க்கரையைத் திணிக்க, ஐந்து நிமிஷத்தில் அழுகையும் ஓய்ந்து இரத்தமும் நின்றுவிடுகிறது. ஆனால் எங்கோ ஒரு குழந்தைக்கு அது நிற்பதில்லை. பந்தி முடிந்து உறவினர் கலைந்த பிறகும் கசிகிறது. இரவு தலையணையை நனைக்கிறது. மறுநாள் காலையில் மஞ்சளை அப்பி, கண் பட்டுவிட்டதென்று திருஷ்டி சுற்றிப் போட்டு, வேண்டுதலில் என்ன குறை வைத்தோம் என்று பாட்டி கலங்கி நிற்கையில், விசாரிக்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. அந்தக் குழந்தை எந்த மடியில் உட்கார்ந்திருந்ததோ அந்த மடிக்கு உரியவரை, அதாவது தாய்மாமனை, முதலில் விசாரிக்க வேண்டும். அவருக்குச் சிறுவயதில் முழங்கால் வீங்கியதுண்டா, பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதுண்டா, அவருடன் பிறந்து இளமையிலேயே மாண்ட அண்ணனோ தம்பியோ உண்டா என்று கேட்டால், பல குடும்பங்களில் அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வியாதி விளங்கிவிடும்.

ஹீமோஃபீலியா என்னும் அந்தக் கோளாறு ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய புரதங்களில் எட்டாம் காரணி குறைந்தால் அதை ஏ வகை என்றும், ஒன்பதாம் காரணி குறைந்தால் பி வகை என்றும் சொல்கிறார்கள்; பி வகை இன்னும் அபூர்வம், 30,000 ஆண் குழந்தைகளில் ஒன்று என்று கொள்ளலாம். இவ்விரண்டு காரணிகளையும் ஆக்கும் மரபணுக்கள் எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும். ஆணுக்கோ தாயிடமிருந்து பெற்ற ஒன்றே ஒன்று. அது பழுதானால் ஈடுகொடுக்க வேறில்லை. ஆகவே நோய் மாமனிடத்தில் வெளிப்பட்டு, அவன் சகோதரியிடத்தில் மறைந்து கிடந்து, அவள் பெற்ற மகனிடத்தில் மறுபடியும் தலைகாட்டுகிறது. பிலடெல்பியாவில் ஜான் கான்ராட் ஓட்டோ என்ற வைத்தியர், ஆண்களே இரத்தம் பெருக்கி மாய, பெண்களே அதை வம்சத்தில் கொண்டு செல்லும் ஒரு குடும்பத்தைப் பற்றி 1803-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். விக்டோரியா மகாராணியின் மகன் லியோபோல்டு 1884-இல் வழுக்கி விழுந்து மாண்டதும், ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஒரே மகன் அலெக்ஸி படுக்கையில் துடித்ததும் சரித்திரப் புத்தகங்களில் படித்தவை. அந்த ருஷ்யக் குடும்பத்தின் எலும்புகளைச் சோதித்து, அரச வம்சத்தில் வந்த நோய் பி வகை என்று 2009-இல் நிர்ணயம் செய்தார்கள். அரண்மனைகளைப் பற்றி இதற்குமேல் சொல்லப் பிரயோஜனமில்லை. நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

நம் நாட்டில் அக்காள் மகளை மணப்பது உரிமையாகவும் மரியாதையாகவும் கருதப்பட்டு வந்திருக்கிறது. ஹீமோஃபீலியா உள்ள ஒருவர் தம் அக்காள் மகளை மணக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காள் பழுதான மரபணுவைச் சுமப்பவளாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவள் மகளும் சுமப்பவளாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி அமைந்துவிட்டால், அத்தம்பதிக்குப் பிறக்கும் பெண் குழந்தை தகப்பனிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதுகளையும் பெற்று, ஆண்களுக்கே உரியதென்று நாம் நினைத்த நோயைத் தானும் முழுமையாக அனுபவிக்க நேரிடலாம். இது மட்டுமன்று. தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறையாமல் இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டத் தெரியாமற்போகும் கிளான்ஸ்மன் நோய், தொப்புள்கொடி விழுந்த இடத்திலேயே இரத்தம் பெருக்கும் பதின்மூன்றாம் காரணிக் குறைவு, இன்னும் சில அபூர்வக் குறைபாடுகள், தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே பழுது மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். உறவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சமூகங்களில் அவை அதிகம் தென்படுவதற்குக் காரணம் இதுவே. சொந்தம் விட்டுப் போகக்கூடாது என்ற பாசத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் இரத்தக் கோளாறு இருப்பதாகத் தெரிந்த குடும்பத்தில், ஜாதகம் பார்ப்பதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது கடமை என்றே கருதுகிறேன். அதேபோல், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் குடும்பத்தில் முன்னால் எவருக்கும் இல்லாமல் புதிதாகவே இந்தப் பழுது நேர்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மருமகளைத் தூற்றுவதற்கு ஆதாரமே கிடையாது. ஆதாரம் இருந்தாலும் தூற்றுவது அதர்மம்.

இரத்தம் எவ்வாறு உறைகிறது? ஏரிகளின் நடுவே வாழும் உங்களுக்கு, அதிலும் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, கரை உடைப்பை அடைப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கைக்குக் கிடைத்த மணல் மூட்டைகளை அடுக்குகிறோம். தண்ணீர் அப்போதைக்கு நிற்கிறது. பிறகு மண்ணையும் கல்லையும் கொட்டி இறுக்கினால்தான் அடைப்பு நிலைக்கும். தட்டணுக்களே அந்த மூட்டைகள். அவற்றை இறுக்கிக் கட்டும் நாரிழைதான் ஃபைப்ரின். அதை உண்டாக்கவே எட்டு, ஒன்பது முதலிய காரணிகள் ஒன்றையொன்று தூண்டி வரிசையாகத் தொழிற்படுகின்றன. ஹீமோஃபீலியாவில் மூட்டை அடுக்கும் வேலை சரியாகவே நடக்கிறது. ஆகையால் சிறு கீறல் பட்டால் அந்தப் பிள்ளைக்கும் பெரும்பாலும் இரத்தம் உடனே நின்றுவிடும். ஆனால் காயம் ஆழமானால், இறுக்கும் பொருள் வந்து சேராததால், சில மணி நேரம் கழித்து மூட்டைகள் சரிந்து கசிவு மறுபடியும் தொடங்குகிறது. காலையில் விழுந்த அடிக்கு மாலையில் முழங்கால் புடைப்பதும், பல் வைத்தியர் ‘நின்றுவிட்டது’ என்று அனுப்பிய பிள்ளை நள்ளிரவில் வாய் நிறைய இரத்தத்தோடு எழுவதும் இதனாலேயே.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை. நம் தாம்பரத்துக்குத் தென்கிழக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காகப் பாம்புகளின் விஷத்தை எடுத்துத் தருகிறது. அவற்றுள் கண்ணாடி விரியனின் விஷம் பத்தாம் காரணியை நேராகத் தூண்டி இரத்தத்தை உறையவைக்கக் கூடியது. கடிபட்டவன் உடம்பில் அது காரணிகளைத் தாறுமாறாகச் செலவழித்து, கடைசியில் உறைவதற்கே ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிடுகிறது. அந்த விஷத்தையே நீர்த்துக் காயத்தின் மேல் தடவி, ஹீமோஃபீலியா நோயாளியின் கசிவை நிறுத்தலாம் என்று 1934-இல் லண்டனில் மக்பார்லேன் என்ற இளம் வைத்தியர் கண்டார். காரணிகள் ஒன்றையொன்று தூண்டும் அந்த வரிசையைப் பின்னாளில், 1964-இல், உலகுக்கு விளக்கியவரும் அவரே.

ஹீமோஃபீலியாவில் கண்ணுக்குத் தெரியும் இரத்தத்தைவிடத் தெரியாத இரத்தமே அதிகக் கேடு செய்கிறது. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள் கசிகிறது. காரணி நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள கடும் நோயாளிகளுக்கு அடியே படாமலும் இது நிகழும். சூடு பரவுவது போலவும் உள்ளே ஏதோ ஊர்வது போலவும் இருக்கிறது என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லைப் பெற்றோர் நம்ப வேண்டும். வீங்கிச் சிவந்த பிறகு பார்ப்பதென்றால் பாதி நாசம் நடந்தாகிவிட்டது. அதே மூட்டில் மீண்டும் மீண்டும் கசிந்தால், உள்சவ்வு தடித்து, குருத்தெலும்பு அரித்து, பதினைந்து வயதுப் பையன் கிழவனைப் போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். இடுப்புத் தசைக்குள் கசிந்தால் குடல்வால் நோயென்று எண்ணிக் கத்தி வைத்துவிடும் அபாயம் உண்டு. தலையில் அடிபட்டால், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில், குறைந்திருக்கும் காரணியை, அதாவது ஃபாக்டர் மருந்தை, ஏற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். படம் வரட்டும் என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

சோதனை எளியதுதான், ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீல மூடி போட்ட சிறு குழாயில், உறையாமல் தடுக்கும் சிட்ரேட் கரைசல் ஒரு பங்கு இருக்கும். அதில் ஒன்பது பங்கு இரத்தம், கோடிட்ட அளவு வரை, குறையாமல் நிரம்ப வேண்டும். குழந்தை அழுகிறது, நரம்பு கிடைக்கவில்லை என்று பாதிக் குழாயோடு நிறுத்தினால், நல்ல இரத்தமும் உறையாத இரத்தமாகக் கணக்கு காட்டும். ஏ.பி.டி.டி. என்னும் உறைவு நேரம் நீண்டிருந்தால், நோயாளியின் பிளாஸ்மாவோடு நல்ல பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து மறுபடி பார்ப்பார்கள். நேரம் சீரானால் ஏதோ ஒரு காரணி குறைவு என்றும், சீராகாவிட்டால் காரணியை எதிர்க்கும் பொருள் ஒன்று இரத்தத்தில் இருக்கிறது என்றும் அர்த்தம். கிளான்ஸ்மன் நோயிலும் பதின்மூன்றாம் காரணிக் குறைவிலும் இந்த வழக்கமான சோதனைகள் அத்தனையும் சரியாகவே இருக்கும் என்பதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்ற ஒரு வார்த்தையை நம்பி, தொப்புளில் இரத்தம் கண்ட குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோவது கூடாது. பதின்மூன்றாம் காரணிக்கு, உறைந்த கட்டியை யூரியாக் கரைசலில் இட்டுக் கரைகிறதா என்று பார்க்கும் தனிச் சோதனை இருக்கிறது. தெரிந்துவிட்டால் மாதம் ஒரு முறை மருந்து ஏற்றினாலே அந்தப் பிள்ளை எல்லாரையும் போல் வளரும்.

சிகிச்சையின் வரலாற்றில் மகிழ்ச்சியும் துக்கமும் கலந்தே இருக்கின்றன. முழு இரத்தத்தையும் பிளாஸ்மாவையும் ஏற்றுவதன்றி வேறு வழியில்லாத காலத்தில், வேண்டிய அளவு காரணி சேருமுன் நோயாளியின் இருதயம் அந்தத் திரவத்தைத் தாங்காது. 1964-இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார், உறைபனியாக்கிய பிளாஸ்மாவை மெள்ள இளகவிட்டால் அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் காரணி செறிந்திருக்கக் கண்டார்; இன்றும் ஆஸ்பத்திரிகளில் ‘கிரையோ’ என்று சொல்வது அதைத்தான். பிறகு ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பொடியாக்கிய மருந்து வந்தது. அந்தப் பொடியோடு எச்.ஐ.வி.யும் வந்தது. ஒன்பதாம் காரணிக் குறைவுக்கே தம் பெயரைக் கொடுத்த ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்பவர், பெற்றுக்கொண்ட இரத்தத்தின் வழியே அந்தக் கிருமியையும் பெற்று 1993-இல் மறைந்தார். உலகெங்கும் ஹீமோஃபீலியாவுடன் பிறந்த ஒரு தலைமுறையே அவ்வாறு வாரிக்கொண்டு போகப்பட்டது.

இந்தச் சரித்திரம் நம் தாம்பரத்துக்கு அந்நியமானதன்று. 1928-இல் டாக்டர் சவரிமுத்து காசநோய்க்கென்று நிறுவி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட நம் சானடோரியம், இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்ட 1986-க்குப் பிந்திய ஆண்டுகளில், எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. இரத்தத்தை விலைக்கு விற்போரிடமிருந்து வாங்கலாகாதென்று உச்சநீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்து, 1998 ஜனவரி முதல் அவ்வழக்கம் ஒழிக்கப்பட்டதற்குப் பின்னால், அந்தக் காலத்தின் கண்ணீர் முழுவதும் இருக்கிறது. இன்றைய ஃபாக்டர் மருந்துகள் கிருமி நீக்கப்பட்டவை. பிளாஸ்மாவே இல்லாமல் மரபணுப் பொறியியலால் ஆக்கப்படுபவையும் 1992 முதல் உண்டு. எனவே பழைய பயத்தால் இன்றைய மருந்தை மறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்று நான் வற்புறுத்த வந்த விஷயம் இதுதான்: கசிந்த பிறகு ஓடுவதை விட்டு, கசியாதிருக்கும்போதே மருந்தைச் செலுத்தி வருவதே முறையான சிகிச்சை. எட்டாம் காரணி உடம்பில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகத் தேய்ந்துவிடும்; ஆகையால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஏற்ற வேண்டியிருக்கிறது. செல்வ நாடுகள் கொடுக்கும் அளவை நம்மால் கொடுக்க இயலாதென்பது உண்மைதான். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கைக் குறித்த நாளில் தவறாமல் கொடுத்தால்கூட, மூட்டுக் கசிவுகள் வெகுவாகக் குறைகின்றன என்பதை நம் நாட்டு அனுபவமே காட்டியிருக்கிறது. உலக ஹீமோஃபீலியா சம்மேளனம் 2020-இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை, இந்தத் தடுப்புச் சிகிச்சையையே உரிய சிகிச்சையாக ஏற்கிறது. அந்த நெறிமுறையின் முதல் ஆசிரியர் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

நம் மாநிலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. இது பெரிய தர்மம். ஆனால் முழங்கால் வீங்கிய பிள்ளையை முதுகில் சுமந்து, தாம்பரம் ஸ்டேஷனின் மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, மின்சார ரயிலின் நெரிசலில் எழும்பூர் ஆஸ்பத்திரிவரை கொண்டுசெல்லும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள்; அவள் போய்ச் சேரும் நேரத்துக்குள் அந்த மூட்டு நிரம்பிவிடுகிறது. மருந்து வீட்டிலேயே இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியைச் சற்று நேரம் வெளியே வைத்து, கூடவே வரும் நீரைப் பொடியில் விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே மெள்ள உருட்டி, தெளிந்த பின் வடிகட்டும் ஊசியால் இழுத்து, வண்ணத்துப்பூச்சி ஊசியைப் புறங்கை நரம்பில் செலுத்தி, அவசரமின்றித் தள்ளி, எடுத்த பின் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, நோட்டுப் புத்தகத்தில் தேதியும் அளவும் எழுதி வைக்கும் இந்தக் காரியத்தை, எழுத்து வாசனை அதிகமில்லாத தாய்மார்களும் திறம்படக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களை நம்பிக் குப்பிகளைக் கொடுத்தனுப்ப மனம் வேண்டும். தோலுக்கடியில் போடக்கூடியதும், வாரத்துக்கு ஒரு முறையோ, மாதத்துக்கு ஒரு முறையோ போதுமானதுமான எமிசிசுமாப் என்ற மருந்தும் இப்போது ஏ வகைக்கு வந்திருக்கிறது. கடும் ஏ வகையினரில் பத்தில் மூவருக்கு, ஏற்றிய காரணியையே உடம்பு எதிர்க்கத் தொடங்கிவிடுகிறது. நோயாளிகள் ‘இன்ஹிபிட்டர்’ என்று அஞ்சிச் சொல்லும் அந்த நிலையில் உள்ளவர்களுக்கு இது புது வாழ்வு. விலைதான் மலைபோல் நிற்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பிரினும் அதன் இனத்து வலிமருந்துகளும் ஆகா, பாராசிட்டமால் ஆகும். தசையில் ஊசி போடலாகாது. தடுப்பூசியை மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு நன்கு அழுத்திப் பிடிக்கலாம். பல் பிடுங்குமுன் ஃபாக்டரும், அதோடு டிரானெக்சமிக் அமிலமும் வேண்டும். பள்ளி ஆசிரியர் அந்தப் பிள்ளையை மூலையில் உட்கார வைக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நீச்சல் நல்லது. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-இல் ஹீமோஃபீலியாவைச் சேர்த்திருக்கிறது. உயர்கல்வி இடஒதுக்கீட்டில் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அரசு வேலைக்கான நான்கு சதவீதத்தில் இரத்த நோய்கள் சேர்க்கப்படவில்லை. இது திருத்தப்பட வேண்டிய குறை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 1924-இல் பின்லாந்தைச் சேர்ந்த ஆலண்ட் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஃபான் வில்லிபிராண்ட் என்ற வைத்தியரிடம் வந்தாள். அவள் குடும்பத்தை ஆராய்ந்து 1926-இல் அவர் எழுதிய நோய்க்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. பரம்பரை இரத்தக் கோளாறுகளில் அதுதான் மிகச் சாதாரணமானது. ஆண் பெண் இருவருக்கும் வரும். அந்தச் சிறுமி பதின்மூன்று வயதில், நான்காவது மாதவிலக்கில், இரத்தம் பெருகி மாண்டாள். நம் வீடுகளில் எத்தனை பெண்கள் ஏழு நாளுக்கு மேல் போக்கு நிற்காமல், வெளுத்து, மூச்சு வாங்கி, ‘எங்கள் பரம்பரைக்கே இப்படித்தான்’ என்று தாயும் மகளும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்! பரம்பரைக்கே அப்படி என்றால் அதுதான் சோதித்துப் பார்க்கக் காரணம். இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டே போவது போதாது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம் என்று துணிவதற்கு முன்னால் ஒரு நீல மூடிக் குழாயாவது நிரம்பட்டும்.

கடைசியாக ஒன்று. வேலூரில் ஏ வகை நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய மூல அணுக்களையே எடுத்து, நல்ல மரபணுவை அவற்றுள் புகுத்தி, பலத்த மருந்தால் எலும்பு மஜ்ஜையில் இடம் ஒதுக்கி, மறுபடியும் உடம்பிலேயே செலுத்திய செய்தி 2024 டிசம்பரில் உலகப் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. கண்காணித்த மாதங்களில் அவர்களுக்குக் கசிவே நேரவில்லை. சிகிச்சை இன்னும் பலருக்குச் செய்து பார்க்கப்பட வேண்டியது; ஆயினும் பெருமகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தச் சிகிச்சை அவர்களுடைய விந்தணுக்களை மாற்றுவதில்லை. மனைவி பழுதைச் சுமக்காதவளானால், குணமடைந்தவருக்கு நாளை பிறக்கும் மகன் நோயற்றவனாகவே இருப்பான். பிறக்கும் மகளோ கட்டாயம் பழுதைச் சுமப்பவளாக இருப்பாள். ஆகவே நோயாளியின் மகள், சகோதரி, சித்தி, பெரியம்மா ஆகிய எல்லாருக்கும், கலியாணத்துக்கு முன்னரே காரணி அளவையும் மரபணுவையும் பார்த்துவிட வேண்டும். கர்ப்பமானவள் தன் நிலையைப் பிரசவ ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்ல வேண்டும். வேக்குவம், ஆயுதம் ஆகியவற்றால் குழந்தையை இழுத்தெடுக்காதிருக்க வேண்டும். பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்தே இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை குழந்தைக்குக் குதிகாலில் குத்தினாலும் தொடையில் தோலுக்கடியில் ஊசி போட்டாலும், குத்திய இடத்தை ஐந்து நிமிஷம் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.